எந்த வருஷத்து வண்டி?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வடக்கே மலைகளைத் தாண்டியதும் விரிகின்ற மொஹாவி பாலைவனத்தில், என்றோ பெய்த மழைநீர் தேங்கி வற்றியபின் களிமண் இறுகிச் சுட்ட ஓட்டைப்போல் கெட்டிப்பட்டுக் கிடக்கும் வறண்ட ஏரிகள் சில உண்டு. மியூராக், எல் மிராஜ், ரோஸமாண்ட் என்பவை அவற்றின் பெயர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்வதற்குள்ளாகவே இளைஞர் பலர் தங்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்வார்கள். மட்கார்டு, முன்கண்ணாடி, முகவிளக்கு ஆகியவற்றைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு, மிஞ்சிய எலும்புக்கூட்டில் ஏறிக்கொண்டு அது எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவு வேகத்தில் ஏரியின் குறுக்கே விரட்டிப் பார்ப்பார்கள். பிறகு கழற்றிய சாமான்களை மறுபடியும் ஒவ்வொன்றாக மாட்டி, மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய அதே வண்டியிலேயே புழுதி படிந்த முகத்தோடு வீடு திரும்புவார்கள். இவ்வாறு கூடிய சங்கங்கள் சில 1937-இல் ஒன்று சேர்ந்து தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை ஏற்படுத்தி, வேகத்தை முறையாக அளந்து பதிவு செய்யத் தொடங்கின.

பின்னாளில் ‘ஹாட் ராட்’ என்று உலகமெங்கும் பெயர் பெற்ற வாகனத்தின் பூர்வோத்தரம் இதுவே. கையில் காசில்லாதவன், காசுள்ளவனுடைய வண்டியை எப்படியேனும் முந்திவிட வேண்டும் என்ற ஆசையினால், இருப்பதைக் கழற்றியும் இல்லாததைக் காயலான் கடையில் தேடியும் செய்துகொண்ட ஏற்பாடு அது. கனத்தைக் குறை, யந்திரத்தின் பலத்தைக் கூட்டு என்னும் இரண்டு சூத்திரங்களுக்குள் அதன் சாஸ்திரம் முழுவதும் அடங்கிவிடும். இன்றும் அமெரிக்காவில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில், ஆபீஸ் முடிந்து வந்த மாலைகளையும் விடுமுறை நாட்களையும் செலவிட்டு, வருஷக்கணக்கில் ஒரே வண்டியைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். (கொட்டகையை இது ஆக்கிரமித்துக்கொண்டபடியால் வீட்டின் நல்ல கார் பனியிலும் வெயிலிலும் தெருவில் நிற்பது இக்குடும்பங்களின் பொது லட்சணம்.) அவர்களைப் பற்றி இரண்டு கட்சிகள் வாதாடிக்கொண்டிருக்கின்றன. பழைய வண்டியை வெட்டுவது பாவம் என்பது ஒரு கட்சி. வெட்டாதவன் ஹாட் ராட்காரனே அல்லன் என்பது மற்றொன்று. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு உருவத்தோடு தப்பிப் பிழைத்திருக்கும் 1932 ஃபோர்டின்மேல் இனி ஒருவரும் ரம்பத்தை வைக்கக்கூடாது, புதிதாக அச்சிட்ட தகரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் அந்த வெட்டும் ஒட்டும் சொந்தக் கையால் நடந்திருக்க வேண்டும்.

குறிப்பாக 1932 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘வி’ வடிவத்து எட்டுச் சிலிண்டர் யந்திரம் என்பது அதுவரையில் விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரிய போகமாக இருந்தது. இரண்டு வரிசைச் சிலிண்டர்களையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்தெடுக்கும் வித்தையை, வார்ப்பு எத்தனையோ முறை கெட்டுப்போன பின்னும் விடாப்பிடியாக நின்று சாதித்த ஹென்றி ஃபோர்டு, நாடு பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கிடந்த அந்த வருஷத்தில், 221 கன அங்குலமும் 65 குதிரைசக்தியும் உள்ள யந்திரத்தைத் திறந்த ரோட்ஸ்டர் வண்டியில் பொருத்தி, 500 டாலருக்கும் குறைந்த விலைக்குச் சந்தையில் விட்டார். அதற்கு முந்திய மாடல் ஏ வண்டியின் நான்கு சிலிண்டர் யந்திரத்துக்கு 40 குதிரைசக்திதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வித்தியாசம் இளைஞர் மனத்தில் எத்தகைய கிளர்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பது விளங்கும். அழகும் சேர்ந்துகொண்டது. சேஸிஸின் பக்கச் சட்டங்கள் வெளியே தெரியும்படி வரம்பு அழுத்தி வடிவாகச் செய்யப்பட்டிருந்தமையால், மட்கார்டுகளைக் கழற்றி எறிந்த பிறகும் அந்த வண்டி விகாரமாகத் தோன்றவில்லை. பத்து வருஷத்துக்குள் இவை பழசாகிச் சொற்ப விலைக்குக் கிடைத்தன. இக்கலைக்குப் புழுதியேரியும் பழைய ஃபோர்டும் மிகுந்திருந்த கலிபோர்னியா பிறப்பிடமானதில் வியப்பில்லை.

அந்த யந்திரம் குற்றமற்றதா என்றால், குற்றங்களின் களஞ்சியம் என்றே சொல்லவேண்டும். வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்திருப்பதால், சிலிண்டர் ஹெட் என்பது வெறும் தட்டை மூடியாகிவிடுகிறது. ‘ஃபிளாட்ஹெட்’ என்று அதற்குப் பெயர் வந்ததும் இதனாலேதான். எரிந்து கழிந்த புகை வால்வை விட்டு நீங்கியதும் நேரே வெளியேறாமல், குளிர்நீர் சூழ்ந்த பிளாக்குக்குள்ளேயே சிலிண்டர்களுக்கு இடையில் நுழைந்து சுற்றிக்கொண்டு மறுபுறம் போகிறது. அதிலும் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாயில்கள் இருப்பதால், நடுவிலுள்ள இரண்டும் ஒரு வாயிலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுப்புப் புகையைப் பூஜை அறை வழியாக வெளியேற்றும்படி கட்டிய வீட்டைப் போன்றது இந்த அமைப்பு. ஆகையால் தண்ணீர் கொதிக்கும். கொதித்துக் கொதித்து வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை போன்ற விரிசல் விடும். காயலான் கடையில் பிளாக் வாங்குகிறவன் முதலில் அதைக் காந்தப்படுத்தி இரும்புத்தூளைத் தூவிப் பார்க்கவேண்டும். விரிசல் இருக்கும் இடத்தில் தூள் கோடு கட்டி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை குறைகளும் உள்ள யந்திரத்தைத்தான் அவர்கள் விடாமல் சீராட்டினார்கள். யுத்தத்துக்குப் பிந்திய 239 கன அங்குலப் பிளாக்கில் சிலிண்டரின் விட்டத்தை அரைக்கால் அங்குலம் கடைந்து அகலமாக்கி, அப்படியே 1949 முதல் 1953 வரையிலான மெர்க்குரி வண்டியின் கிராங்க் ஷாஃப்டைக் கொண்டுவந்து மாட்டினால் பிஸ்டனின் ஓட்டமும் கால் அங்குலம் நீள்கிறது. இரண்டும் சேர்ந்து கொள்ளளவை 276 கன அங்குலமாக உயர்த்திவிடுகின்றன. இந்தக் கணக்கை இவர்களுக்குப் போதித்த சர்வகலாசாலை எதுவுமில்லை. லேத் பட்டறையில் நின்று, ஒருவரிடமிருந்து மற்றொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டது அது. எட் வின்ஃபீல்டு கேம் ஷாஃப்டின் வளைவைத் தீட்டினார். விக் எடெல்பிராக் இரட்டைக் கார்புரேட்டர்களுக்கு அலுமினிய மேனிஃபோல்டு வார்த்தார். யுத்தம் முடிந்ததும், போர்விமானத்தின் வயிற்றடியில் தொங்கவிடும் உபரிப் பெட்ரோல் தொட்டி மீன்போன்ற ஆகிருதி உடையது, காற்றைக் கிழித்துச் செல்லக்கூடியது என்பதைக் கண்டுகொண்ட பில் பர்க் என்பவர், 1946-இல் அத்தொட்டிக்குள்ளேயே யந்திரத்தையும் ஆசனத்தையும் வைத்து நான்கு சக்கரங்களை மாட்டிவிட்டார். அழிவுக்கென்று செய்த பொருளில் மிஞ்சியதை விளையாட்டுக்குத் திருப்பிய இந்தச் சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு வாஞ்சை உண்டாகிறது.

அதன்பின் நடந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ராபர்ட் பீட்டர்ஸன் 1948 ஜனவரியில் இக்கலைக்கென்றே 25 சென்ட் விலையில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். மறு வருஷம் யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் வேகவாரம் ஆரம்பமாயிற்று. தெருப்பந்தயங்களைக் கண்டு ஊரார் முகம் சுளித்துக்கொண்டிருந்த காலத்தில், அவ்விளைஞர்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்காக அப்பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951-இல் ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். கொட்டகையில் தமக்கென்று உதிரிச் சாமான் செய்தவர்கள் நண்பர்களுக்குச் செய்தார்கள். நண்பர்களுக்குச் செய்தவர்கள் கடை வைத்தார்கள். கடை வைத்தவர்கள் தொழிற்சாலை வைத்தார்கள். முடிவில், வீட்டுக் கொட்டகையிலிருந்து பிறந்த அந்தத் தொழில், வீட்டுக் கொட்டகையே தேவையில்லை என்னும் நிலைமையை உண்டாக்கிவிட்டது. ஒஹையோ மாநிலத்தில் புரூக்வில் என்னும் கம்பெனி 1932 ரோட்ஸ்டரின் உடலைப் புது எஃகுத் தகட்டிலேயே அச்சிட்டு விற்கிறது. சேஸிஸும் அச்சும் ரேடியேட்டர் கூடும் வேறு வேறு கம்பெனிகளில் கிடைக்கின்றன. 1932-இல் செய்த ஓர் ஆணிகூட இல்லாமல் முழு 1932 ஃபோர்டைப் பூட்டிவிடலாம். விலைப்பட்டியலைப் புரட்டிப் பணத்தை அனுப்பி, வந்திறங்கிய பெட்டிகளைக் கூலி கொடுத்துப் பூட்டச்செய்து, வண்ணமும் ஏற்றிக் கண்காட்சியில் நிறுத்துபவர்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. அவர் தச்சனல்லர், கட்டில் வாங்கியவர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் புதுத் தகடு போலி என்று இகழ்கின்ற பழமைவாதிகளோடும் நான் உடன்படவில்லை. 1940-இல் இருபது வயது இளைஞன் ஒருவன் 1932 ரோட்ஸ்டரை வெட்டியபோது, அவன் வெட்டியது மலிவான பழைய வண்டியை. அதுபோல் ஆயிரக்கணக்கில் தெருவெங்கும் கிடந்தன. அதே செயலை இன்று செய்பவன் வெட்டுவது ஒரு புராதனப் பொருளை. ரம்பம் அதே ரம்பம்தான். தகடும் அதே தகடுதான். இடையில் கழிந்த காலம் அந்தச் செயலின் தர்மத்தையே மாற்றிவிட்டது. டோன் ஸ்பென்ஸரின் ரோட்ஸ்டரை இதற்கு எதிர்ச்சாட்சியாகச் சிலர் காட்டுவார்கள். பழைய வண்டிகளின் பரிசுத்தத்தைக் காப்பதில் மிகக் கண்டிப்பான பெபிள் பீச் கண்காட்சியிலேயே 1997-இல் முதன்முறையாக ஹாட் ராட்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தபோது, முதற்பரிசு பெற்றது அந்த வெட்டப்பட்ட 1932 ஃபோர்டுதானே என்று கேட்பார்கள். உண்மை. ஆயினும் அந்த வெட்டு, அந்த மனிதர் அந்தக் காலத்தில் செய்த வெட்டு. அதற்கே ஒரு சரித்திர மதிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்பைக் காட்டி இன்றைய வெட்டுக்கு அனுமதிச்சீட்டு வாங்க முடியாது. ஒரு கோபுரத்தைக் கட்டிய சிற்பி பாறையை உடைத்தான் என்பதற்காகக் கோபுரத்தையே பாறையாக எண்ணி உடைக்கலாமா?

ஆகவே வண்டி கட்ட விரும்புகிறவர் புதுத் தகட்டை வாங்கட்டும். வாங்கிய பிறகு அவரே உழைக்கட்டும். அந்த உழைப்பு லேசானதன்று. பழைய முறைச் சேஸிஸின் சட்டம் ஒருபக்கம் திறந்த தகரவாய்க்கால் போன்றது. இரட்டிப்புப் பலமுள்ள யந்திரத்தை வைத்தால் முறுக்கிக்கொள்ளும். எனவே திறந்த பக்கத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து அதைப் பெட்டிபோல் அடைக்கிறார்கள். ஆத்திரப்பட்டு ஒரே மூச்சில் வெல்டிங்கை ஓட்டினால் சூட்டில் சட்டம் கோணிப்போகும். இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று தாவித்தாவிப் பற்றவைத்து, ஆறவிட்டு, மூலைக்கு மூலை குறுக்களவு பிடித்து, மறுபடியும் தொடங்க வேண்டும். மூடிய வண்டியானால், கூரையைத் தாழ்த்துவது இதைவிடச் சங்கடம். தூண்களில் மூன்று அங்குலம் வெட்டியெடுத்துக் கூரையை இறக்கிவிடலாம் என்று கணக்கு போடுகிறவன், தூண்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து நிற்பதால், இறக்கியபின் மேல்முனையும் கீழ்முனையும் ஒன்றோடொன்று சந்திக்கவில்லை என்பதைக் கண்டு திகைத்து நிற்பான். பிறகு கதவும் மூடாது, கண்ணாடியும் பொருந்தாது. முக்கால்பங்கு முடிந்தது என்று விளம்பரம் செய்து விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் நின்றவையாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

இவையெல்லாம் பொறுமையால் தீரக்கூடியவை. பொறுமையால் தீராத ஒன்று பிரேக். 1932 ஃபோர்டில் கால்மிதியின் அழுத்தம் இரும்புக் கம்பிகள் வழியாகவே சக்கரங்களுக்குப் போயிற்று; எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை ஃபோர்டு கம்பெனி 1939 மாடலில்தான் ஏற்றுக்கொண்டது. எனவே அந்த வருஷத்துக்கும் அதற்குப் பின்னைய வருஷங்களுக்கும் உரிய பிரேக்குகளைத் தேடிப் பழைய அச்சில் பொருத்துவது அக்காலத்திலேயே வழக்கமாகிவிட்டது. யந்திரத்தின் பலத்தை நான்கு மடங்காக்கியவனைப் புகழ்கிறார்கள். வண்டியை நேராக நிறுத்தியவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வீட்டுக் கொட்டகையில் கட்டுகிறவர் எவராயிருந்தாலும், முதல் டாலரைப் பிரேக்குக்கும் கடைசி டாலரைக் கார்புரேட்டருக்கும் செலவிட வேண்டும் என்பேன். நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

இனிச் சட்டத்தின் பார்வை. வெவ்வேறு காலத்து உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய வண்டி எந்த வருஷத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி, தத்துவ விசாரம்போல் தோன்றினாலும், கலிபோர்னியாவில் அது காரியாலயக் கேள்வி. 1975-க்கும் அதற்கு முந்திய மாடல்களுக்கும் அங்கே புகைப் பரிசோதனை இல்லை. கையால் கட்டிய வண்டி எந்தப் பழைய மாடலைப்போல் தோன்றுகிறதோ அந்த வருஷத்து விதியே அதற்கும் பொருந்தலாம் என்று அரசாங்கம் இடங்கொடுத்திருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு 500 வண்டிகளுக்கு மட்டுமே இச்சலுகை. காற்றின் தூய்மையைக் காக்கவேண்டிய அரசாங்கம், தன் மண்ணில் பிறந்த ஒரு கைத்தொழிலின்மேல் கண்ணை முழுவதும் மூடவும் மனமில்லாமல், முழுவதும் திறக்கவும் மனமில்லாமல் எடுத்த இந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. சென்ற வருஷம் ஒஹையோவில் அச்சிட்ட உடலும், 1940-இன் பிரேக்கும், 1949-இன் கிராங்க் ஷாஃப்டும், சொந்தக்காரரே பற்றவைத்த சட்டமும் கூடிய ஒரு வண்டியை அதிகாரி சுற்றிவந்து பார்க்கிறார். குனிந்து எண்களைக் குறித்துக்கொள்கிறார். புகைக் கணக்கைப் பொறுத்தமட்டில் அதன் பிறந்த ஆண்டு 1932 என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிற சொந்தக்காரர், முதல் சிவப்பு விளக்கில் காலை அழுத்தும்போது, வண்டி இன்னும் சற்று இடப்பக்கமாக இழுப்பதைக் கவனிக்கிறார். வீட்டுக்குப் போனதும் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்.