பனிமூட்டத்தின் தயவில்

மலையுச்சியிலிருந்து சூர்யோதயத்தில் பனிமூட்டத்தைப் படம் பிடிப்பது ஒரு கலைச் செயலாக அங்கீகாரம் பெற்றுவிட்டது. அது கலைச் செயல் அல்ல, பார்க்கும் செயல்கூட அல்ல என்பதே இங்கு சொல்ல வந்தது. காமிராக்காரர்களை மட்டும் உத்தேசித்து இதை எழுதவில்லை. நம் கவிதைகளில் பாதி இதே உச்சியில் நின்று எடுத்தவைதாம்.

கொழுக்குமலையை எடுத்துக்கொள்வோம். இருப்பது தேனி மாவட்டத்தில்; ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. இருட்டோடு வரிசையாக வண்டிகள் போகின்றன. விடியுமுன் பாறை விளிம்பில் காமிராவுக்கு முக்காலிகள் நின்றாகிவிடும். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. ஆறு மணி சுமாருக்குச் சிவப்பு. உடனே எல்லோரும் ஒரே படத்தை எடுக்கிறார்கள். கறுப்பாக ஒரு பாறை, அதற்குப் பின்னால் வெளிறிக்கொண்டே போகும் நாலைந்து மலை வரிசைகள், மேலே கொஞ்சம் வானம். பெயர்களை மாற்றிப் போட்டால் எடுத்தவருக்கே தம் படம் எதுவென்று தெரியாது.

காரணம் சுலபம். படம் எடுப்பது என்பது விலக்குவது. கண்ணெதிரே கிடக்கும் ஆயிரம் பொருள்களில் எதை விடுவது என்று தீர்மானிக்கிற சிரமம்தான் எடுப்பவனின் பிரக்ஞை. அந்தச் சிரமத்தைப் பனி தானே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி அதை அமுக்கி வைக்கிறது. இந்தப் பௌதிக நிகழ்ச்சி மின்கம்பம், ரோடு, தகரக் கூரை அனைத்தையும் அழித்துக் கொடுக்கிறது. மீதமிருப்பது ஒரே வேலை. மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். இன்று பல கைபேசிகள் அதையும் பார்த்துக்கொள்கின்றன. அழித்தது பனி, அளந்தது கருவி, கையெழுத்து மட்டும் நம்மவருடையது.

இதற்கு ஜெர்மானிய ஓவியர் கஸ்பார் டேவிட் ஃப்ரீட்ரிஹ்ஹைத் துணைக்கு அழைப்பார்கள். பனிக்கடலின்மேல் முதுகைக் காட்டி நிற்கும் மனிதனை 1818 வாக்கில் அவர் வரைந்தார். வெவ்வேறு இடங்களில் பாறை பாறையாகக் குறித்துக்கொண்டு வந்து, அறையில் உட்கார்ந்து சேர்த்த காட்சி அது. எந்த உச்சியில் நின்றாலும் அப்படியே கிடைக்காது. அவருடைய தேர்வை விட்டுவிட்டு முதுகை மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம்.

நம் மரபு வேறு மாதிரி யோசித்திருக்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கொடுத்த சிறுபொழுது யாமம். வைகறையும் விடியலும் மருதத்துக்குப் போய்விட்டன. பனி அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. குறிஞ்சியின் பெரும்பொழுதில் முன்பனி இருக்கிறது. மலையை நள்ளிரவில் வைத்தவர்களுக்கு அது பார்க்கிற இடமாக அல்ல, இருக்கிற இடமாகப் பட்டிருக்கிறது. இருட்டில் தினைப்புனம் காப்பவனுக்குப் பனி ஒரு காட்சியே அல்ல. அடுத்த அடியை எங்கே வைப்பது என்ற சந்தேகம்.

இந்தச் சந்தேகம்தான் உச்சிப் படத்தில் இல்லை. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர், பெரும்பாலோர் தமிழர்கள். அந்த மலைகள் அதற்குப் பிறகும் அதே வெளிறிய வரிசைகளாகத்தான் படங்களில் வருகின்றன. சாவைப் படத்தில் காட்டு என்று நான் கேட்கவில்லை. எது நடந்தாலும் மாறாத ஒரு பார்வையைப் பார்வை என்று சொல்லாதே என்கிறேன்.

முற்போக்கு நண்பர் இந்த இடத்தில் சந்தோஷப்படுவார். ‘அப்படியானால் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படத்தில் நிறுத்து’ என்பார். அதுவும் வேண்டாம். கூடையோடு சிரிக்கும் பெண் பனியைவிடப் பெரிய மூட்டம். தேயிலைக் கம்பெனிகளின் விளம்பரங்கள் அவளை ஏற்கெனவே போதுமான அளவு நிறுத்தியாகிவிட்டது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒன்பது மணிக்கும் அங்கேயே நில்லுங்கள். வெயில் ஏறி மூட்டம் கலைந்திருக்கும், ஜீப்புகள் திரும்பியிருக்கும். வெளிச்சம் தட்டையாக, உதவாமல் விழும். கூரை, கம்பி, கொடியில் காயும் துணி, செம்மண் வெட்டு எல்லாம் ஒரே சமயத்தில் கூச்சலிடும். இப்போது விலக்குங்கள் பார்க்கலாம். அல்லது பனியிருக்கும்போதே அதற்குள் இறங்கி, கை நீட்டும் தூரத்தில் எது தெரிகிறதோ அதை எடுங்கள்.

கவிதைக்கும் இதேதான். நம்மிடம் ‘மௌனம்’, ‘வெறுமை’, ‘வெளி’ என்று மூன்று பனிமூட்டங்கள் கைவசம் இருக்கின்றன. எழுதத் தெரியாத இடத்தில் ஒன்றைப் பரப்பிவிட்டால் பள்ளத்தாக்கு மறைந்துவிடும். மேலே நாலு சிகரங்கள் அழகாக மிதக்கும். படிப்பவன் ஆழம் என்று நினைத்துக்கொள்கிறான். அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிட்டுத் தம் கவிதையை ஒருமுறை வாசித்துப் பார்க்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அது வரும்வரை, தபாலில் குவியும் உதயங்களைத் திருப்பி அனுப்புவதுதான் சிறுபத்திரிகைகள் செய்யக்கூடிய உபகாரம்.