கிடங்கிசையை வீட்டிசை என்பதா?

மின்னிசை வகைகளைத் துடிப்பின் விரைவால் மட்டுமே அளப்போர், அவை பிறந்த மண்ணை மறந்துவிடுகின்றனர். ‘அவுசு’ என்பதை ‘வீட்டிசை’ எனப் பெயர்த்தால் அது தமிழாக்கமன்று, பிழையாக்கம். சிக்காகோவில் 1977-இல் திறக்கப்பெற்ற ‘வேரவுசு’ ஆடலரங்கின் பெயர்க்குறுக்கமே அது. கிடங்கு என்பதே அச்சொல்லின் பொருள். தலை போய் வால் நின்றது! ஆங்கு இசைத்தட்டுகளை இயக்கியவர் பிராங்கி நக்கில்சு என்னும் கருப்பினக் கலைஞர்.

அதன் உட்பிரிவாகிய ‘ஆசிடு’ பிறந்த கதை இன்னும் சுவையானது. தாழ்சுர நரம்பிசைக்கு மாற்றாகச் சப்பானிய உரோலண்டு நிறுவனம் 1981-இல் விற்பனைக்கு விட்ட சிறு கருவி, விலைபோகாமல் 1984-இல் கைவிடப்பட்டது. பழம்பொருளாய் மலிந்த அதனைச் சிக்காகோக் கருப்பின இளைஞர் வாங்கித் திருகுகளை முறுக்கினர். கருவி முனகிற்று, கீச்சிட்டது. செய்தவர் பிழையென்று கருதியிருக்கக்கூடிய அவ்வொலியே 1987-இல் இசைத்தட்டாயிற்று. மறு ஆண்டே இங்கிலாந்தின் ஆடலரங்குகள் அதில் மூழ்கின.