அவசரப் பிரிவில் புதிய தாதி: முதல் ஆண்டு ஏன் முக்கியம்?

மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். வந்து இரண்டு மணிநேரம் ஆகிவிட்டது. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகும் இளம் தாதியிடம், "நாங்கதானே முதல்ல வந்தோம்?" என்று கேட்கிறீர்கள்.

அவர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாமல் இருக்கலாம். உங்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தில், உள்ளே அவருடைய பொறுப்பில் வேறு சில நோயாளிகள் படுத்திருப்பார்கள்.

பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும். தாதியர், துணைமருத்துவ நிபுணர்கள், பராமரிப்பு உதவியாளர்கள் என எல்லாரையும் சேர்த்து, 2030க்குள் சுமார் 82,000 பேர் தேவைப்படலாம் என்று சுகாதார அமைச்சு 2023இல் கூறியது. அப்போது இருந்தது சுமார் 58,000 பேர்.

ஆள் சேர்ப்பது பற்றி அடிக்கடி பேசுகிறோம். சேர்ந்தவருக்கு முதல் ஆண்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

யார் இந்த வேலைக்கு வருகிறார்கள்?

உள்ளூரில் பல வழிகள் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து வருவோர் இருக்கிறார்கள். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயக் கல்வி முடித்தவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டம் பெற்று வருவோரும் உண்டு. வெளிநாட்டுத் தாதியரும் கணிசமாக இருக்கிறார்கள். பிலிப்பீன்ஸ், மலேசியா, மியன்மார், இந்தியா ஆகியவற்றிலிருந்து பலர் வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் படித்தவர்களை நம் மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

எங்கே படித்திருந்தாலும் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிவுபெற்ற பிறகே பணியாற்ற முடியும்.

வகுப்புக்கும் வேலைக்கும் என்ன வித்தியாசம்?

ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, இதயத் துடிப்பைப் பதிவுசெய்வது எல்லாம் படிக்கும்போதே பழகிவிடும். அவசரப் பிரிவில் கடினமானது வேறு. ஒரே நேரத்தில் ஐந்து வேலைகள் வரும்போது எதை முதலில் செய்வது?

சாதாரண வார்டில் நோயாளிக்கு என்ன பிரச்சினை என்பது ஓரளவு தெரிந்திருக்கும். அவசரப் பிரிவில் அதைக் கண்டுபிடிப்பதே வேலை. நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால், 10 நிமிடத்துக்குள் அவருடைய இதயத் துடிப்புப் பதிவை எடுத்து மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பது உலகளவில் பின்பற்றப்படும் இலக்கு. அதே நேரத்தில் பக்கத்துப் படுக்கையில் ஒருவர் கழிவறைக்குப் போகக் கூப்பிடுவார். இன்னொருவரின் மகள், அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு எப்போது வரும் என்று கேட்பார்.

அதனால் புதியவர்களைப் பொதுவாக உடனே கடுமையான இடங்களில் நிறுத்துவதில்லை. நிலை சீராக உள்ள நோயாளிகளிடமிருந்து தொடங்கி, படிப்படியாக உயிர்காக்கும் அறைக்கு வருகிறார்கள். அங்கும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் குறிப்பெடுக்கும் வேலை.

"அவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால், இதயம் நின்றுபோன ஒருவருக்கு அட்ரினலின் மருந்து மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. நெஞ்சை அழுத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். எத்தனை மணிக்கு எந்த மருந்து கொடுத்தோம் என்பதை அந்தப் பரபரப்பில் சரியாகச் சொல்லக்கூடியவர் குறிப்பெடுப்பவர்தான்.

இன்னொரு பழக்கமும் அங்கேதான் வருகிறது. மருத்துவர் சொன்ன மருந்தையும் அளவையும் தாதி சத்தமாகத் திருப்பிச் சொல்லவேண்டும். கொடுத்து முடித்ததும் "கொடுத்தாச்சு" என்று மறுபடி சொல்லவேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால், பல தவறுகளைத் தடுப்பது இந்தப் பழக்கம்தான்.

முதலில் வந்தவரை ஏன் முதலில் பார்ப்பதில்லை?

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருவோரை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்.

பி1: உயிருக்கு ஆபத்தான நிலை. உடனடி கவனிப்பு.

பி2: நிலைமை கடுமை. பெரும்பாலும் நடக்க முடியாதவர்கள். விரைவாகக் கவனிக்காவிட்டால் மோசமாகலாம்.

பி3: நடக்க முடியும். சிகிச்சை தேவை, ஆனால் காத்திருக்கலாம்.

பி4: அவசரம் இல்லை. வெளியே உள்ள மருந்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வகைப்படுத்தலைச் செய்வது அனுபவமுள்ள தாதியரின் வேலை. சில நிமிடங்களில் முகத்தையும் மூச்சையும் பார்த்து, நாலு கேள்வி கேட்டு முடிவெடுக்கவேண்டும்.

நம் மூத்தோரை எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கே வலிக்குது பாட்டி?" என்று கேட்டால், "வலியெல்லாம் இல்லம்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். "நெஞ்சு கரிக்குது", "மூச்சு முட்டுது", "கிறுகிறுன்னு வருது" என்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள், மூத்தோர், பெண்கள் ஆகியோருக்குச் சில நேரங்களில் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். அந்த 'ஒரு மாதிரி' என்பதற்குள் மாரடைப்பு ஒளிந்திருக்கலாம்.

இதைப் பாடப்புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் நேரில் பார்த்தவுடன், "இவங்களை உட்கார வைக்கக்கூடாது" என்று தோன்றுவதற்கு நாள் ஆகும். அதுவரை பக்கத்தில் ஒரு மூத்த தாதி இருக்கவேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

புதிய தாதிக்கு அதிகம் தேவைப்படுவது மூத்த தாதியின் நேரம். அவசரப் பிரிவில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பதும் அதுதான்.

சிகிச்சை முடிந்தும் வார்டில் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் ஒரு காரணம். அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற எவ்வளவு நேரமாகிறது என்ற விவரத்தைச் சுகாதார அமைச்சே தொடர்ந்து வெளியிடுகிறது. காத்திருக்கும் அந்த நேரத்திலும் மருந்து கொடுக்கவேண்டும், புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், உடை மாற்றவேண்டும். வார்டு வேலையும் அவசர வேலையும் ஒரே தாதியின் தலையில் விழுகிறது.

மக்கள்தொகை மூப்படைவது இன்னொன்று. 2030வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மூத்த நோயாளி ஒருவருக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கும். அவரைக் கவனிக்க நேரமும் கூடுதலாகத் தேவைப்படும்.

புதிய மருத்துவமனைகளும் வருகின்றன. செங்காங் பொது மருத்துவமனை 2018இல் வந்தது. உட்லண்ட்ஸில் அவசரப் பிரிவு 2024இல் திறக்கப்பட்டது. இவை தேவைதான். ஆனால் ஒவ்வொரு புதிய பிரிவுக்கும் அனுபவசாலிகள் வேண்டும். பத்தாண்டு அனுபவம் உள்ள தாதியை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

பணம் கொடுத்தால் போதாதா?

உதவும். 2024இல் அரசாங்கம் அறிவித்த 'ஏஞ்சல்' திட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தகுதியுள்ள தாதியர், 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளிவரை பெறலாம். தொகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும்.

அனுபவசாலிகளைத் தக்கவைக்க அது நல்ல ஏற்பாடு. புதியவருக்கும் அதனால் மறைமுகப் பலன் உண்டு, மூத்தவர் போகாமல் இருந்தால்தானே கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும்.

ஆனால் முதல் ஆண்டிலேயே "இது எனக்குச் சரிவராது" என்று நினைப்பவரிடம், பல ஆண்டு கழித்து வரும் பணம் பெரிதாகப் பேசாது. அவருக்கு வேண்டியது வேறு. கேள்வி கேட்டால் எரிந்து விழாத மூத்தவர், ஒரு மரணத்தைப் பார்த்த பிறகு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச இடம், இரவு வேலைக்குப் பிறகு உண்மையிலேயே கிடைக்கும் ஓய்வு.

வசைச்சொற்களும் ஒரு காரணமா?

ஆம். சுகாதாரப் பராமரிப்பு ஊழியர்களுக்கு எதிரான தொல்லையைத் தடுக்க அமைக்கப்பட்ட முத்தரப்புப் பணிக்குழு நடத்திய கருத்தாய்வில், மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான ஊழியர்கள் அத்தகைய சம்பவங்களைச் சந்தித்ததாக அல்லது பார்த்ததாகக் கூறினர்.

பொதுச் சுகாதார ஊழியர்களைப் பணி நேரத்தில் மிரட்டினாலோ அவமதித்தாலோ, தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் 5,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ விதிக்கப்படலாம்.

கவலையில் குரல் உயர்வது மனித இயல்பு. ஆனால் அந்தக் கோபம் வந்து சேர்வது பெரும்பாலும் முன்னால் நிற்கும் இளம் தாதியிடம். வரிசையை முடிவுசெய்தவர் அவர் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

- உயிருக்கு ஆபத்து என்றால் 995. அவசரம் இல்லாத மருத்துவ வாகனத்துக்கு 1777.
- சளி, இலேசான காய்ச்சல் போன்றவற்றுக்கு முதலில் பொது மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.
- சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை, முடிந்தால் மருந்துகளையே, கொண்டுசெல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கேட்காமலேயே சொல்லுங்கள்.
- எப்போது தொடங்கியது, இப்போது கூடியிருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அம்மாவோ பாட்டியோ 'ஒரு மாதிரி' என்றால், வழக்கத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று நீங்கள் விளக்குங்கள்.
- காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். அது தொந்தரவு இல்லை. வகை மாற்றப்படலாம்.

அந்த இளம் தாதியிடம், "நாங்கதானே முதல்ல வந்தோம்?" என்பதற்குப் பதிலாக, "அம்மாவுக்கு முன்னைவிட மூச்சு வாங்குது, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் நிலை மாறியிருந்தால், அவர் செயல்படுவதற்குத் தேவையான தகவல் அதில் இருக்கிறது. உடனே மூத்த தாதியிடம் போய்ச் சொல்வார்.

அப்படிப் போய்ச் சொல்ல, அங்கே ஒரு மூத்த தாதி இருக்கவேண்டும். வரும் ஆண்டுகளில் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலும் அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது.