சாதிக்காய் நடுவோருக்கு நாளை வேண்டும்

தை, மாசி மாதங்களில் பன்விலப் பக்கம் நடந்து சென்றவர்களுக்கு ஒரு வாசனை பழகிப்போயிருக்கும். வீட்டு முற்றங்களிலும் வீதியோரத்திலும் சாக்கையும் பாயையும் விரித்துக் கராம்பு காயவைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏற, பச்சையும் சிவப்புமாக இருந்த மொட்டுகள் கபில நிறமாகும். அப்போது எழும் மணம் ஹுலுகங்கைப் பாலம் வரை நம்மைத் தொடர்ந்து வரும். அந்த மணத்தை அண்மையில் நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் சந்தித்தேன். அது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள ஒரு பழைய மருந்தகம்.

என் சகோதரியின் மகள் பொலோனியாவில் வசிக்கிறாள். அவள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது ஒருநாள் என்னைப் புளோரன்ஸுக்கு அழைத்துச் சென்றாள். அதிவேக ரயிலில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இறங்கும் நிலையத்தின் பெயர் சாந்தா மரியா நொவெல்லா. எதிரே அதே பெயரில் ஒரு தேவாலயம். அதன் மடத்தை ஒட்டிய ஸ்காலா வீதியில், அதே பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த மருந்தகம். இன்று அதனை வாசனைத் திரவியக் கடை என்பதே பொருத்தம்.

டொமினிக்கன் சபைத் துறவிகள் 1221 ஆம் ஆண்டு இவ்விடத்தில் குடியேறினர். மடத்தின் தோட்டத்தில் மூலிகை வளர்த்து, நோயுற்ற துறவிகளுக்கு மருந்து தயாரித்தனர். 1381 ஆம் ஆண்டளவில் அவர்கள் பன்னீர் விற்றதற்குக் குறிப்பு உண்டு. கொள்ளைநோய் பரவிய அக்காலத்தில் பன்னீர் ஒரு தொற்றுநீக்கியாகவும் கருதப்பட்டது. 1612 இல் மருந்தகத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று தொடங்கிய வணிகம் இன்றும் அதே இடத்தில் நடைபெறுகிறது.

விற்பனைக்கூடம் முன்னர் 14 ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயமாக இருந்தது. 1848 இல் அது கடைக்கென மாற்றி அமைக்கப்பட்டது. உயர்ந்த வளைகூரை, கருமரத்தாலான கண்ணாடி அலுமாரிகள், தாழ்ந்த குரலில் பேசும் மக்கள். கடைக்குள் நுழைந்தவர்கள்கூடக் கோயிலுக்குள் நுழைந்தவர்களைப்போலவே நடந்துகொள்கின்றனர். பணியாளர் ஒருவர் காகிதக் கீற்றுகளில் வாசனைகளைத் தொட்டு ஒவ்வொன்றாக நீட்டினார். அண்ணாந்து பார்த்தால் கூரையில் உலகின் கண்டங்களை உருவகிக்கும் ஓவியங்கள். அவற்றுள் ஆசியாவும் உண்டு. நம் பங்கு கூரையில் இருக்கிறது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

அலுமாரியிலும் நம் பங்கு இருந்தது. அல்கெர்மெஸ் என்ற செந்நிற மதுபானம் இக்கடையின் பெயர்பெற்ற தயாரிப்புகளில் ஒன்று. அதன் நிறம் ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படுவது. அதன் மணமோ, இத்தாலியில் வழங்கும் செய்முறைகளின்படி, கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம் ஆகியவற்றால் வருவது. இவற்றில் ஒன்றேனும் இத்தாலிய மண்ணில் விளைவதில்லை. நான்குமே பன்விலைக்கும் மடுல்கலைக்கும் வத்தேகமவுக்கும் இடைப்பட்ட மலைகளில் காணக்கூடியவை.

மருமகள் பன்னீர்ப் புட்டியொன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு, "மாமா, நம்ம கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி வரவேற்கும் சமூகத்துக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நூறு மில்லிலீட்டர் கொலோன் புட்டியின் விலை நூறு யூரோவுக்கு மேல். ஆகவே பன்னீர் ஒன்றும் சவர்க்காரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அவற்றின் விலையையும் இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் என் வீட்டில் சமாதானம் இராது.

ஊர் திரும்பி இதை நண்பர்களிடம் கூறியபோது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர். மணப்பொருள் விளைவது நம்மிடம். பெயரும் பணமும் அவர்களிடம். நம்மவர்களுக்கு ஏன் இந்த முயற்சி வரவில்லை? கேட்பதற்கு நியாயமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் அது பிழையான கேள்வி என்பதே என் கருத்து. முயற்சி இல்லாத மக்கள் இந்த மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கியிருக்க முடியாது. புளோரன்ஸ் துறவிகளிடம் இருந்து நம்மிடம் இல்லாமற்போன பொருள் வேறு. அது காலூன்ற ஓர் இடம்.

அந்த மருந்தகத்தின் வரலாற்றில் ஒரு நெருக்கடி உண்டு. 1866 இல் இத்தாலிய அரசு மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. துறவிகளின் தோட்டமும் மருந்தகமும் அரசின் கைக்குச் சென்றன. எனினும் கடை மூடப்படவில்லை. அதனை நடத்திவந்த கடைசித் துறவியின் உறவினரான ஸ்தெபானி என்பவர் அதை ஏற்று நடத்த வழி விடப்பட்டது. அவருடைய குடும்பம் பல தலைமுறைகள் அதனைப் பேணியது. 2020 முதல் அது ஒரு முதலீட்டுக் குழுமத்தின் கைக்குப் படிப்படியாக மாறியது. உடைமையாளர் மாறினர்; இடமும் செய்முறையும் மாறவில்லை. பாட்டன் எழுதிவைத்த குறிப்பைப் பேரன் வாசிப்பதற்கு ஒரு கூரை எப்போதும் இருந்தது.

இனி நமது பக்கத்தைப் பார்ப்போம். 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டனர். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் லயன் அறையில் வாழ்ந்தவருக்கு, "இந்த நிலம் உன்னுடையது" என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதற்கும் வாசனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். தொடர்பு மரத்தில் இருக்கிறது. சாதிக்காய்க் கன்று நட்டால் காய்க்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். ஆண் மரமானால் காய்ப்பும் இல்லை. கராம்பும் ஆறேழு ஆண்டுகள் பொறுக்கச் சொல்லும். காய்க்கத் தொடங்கினால் பல பத்தாண்டுகள் பலன் தரும். ஆகவே இவற்றை நடுபவர், ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் தாம் இங்கேயே இருப்போம் என்று நம்பவேண்டும். எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடிய குடியிருப்பில் வாழ்பவர் கீரை போடுவார், சாதிக்காய் போடமாட்டார்.

கண்டிப் பிரதேசத்து வீட்டுத் தோட்டங்கள் உலக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை. பலாவின் கீழ் கராம்பு, அதன் அருகே சாதிக்காய், மரங்களைப் பற்றி ஏறும் மிளகு என ஒரு சிறு காடே வீட்டைச் சூழ்ந்திருக்கும். அவை தலைமுறை தலைமுறையாகக் காணி உரிமை உடைய கிராமத்தவரின் தோட்டங்கள். அக்கிராமங்களுக்கு அடுத்துள்ள தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் செல்கின்றனர். கூலிக்குக் கராம்பு பறிக்கச் செல்கின்றனர். மரத்தின் உச்சிக் கிளையில் நிற்பவருக்கு அந்த மரத்தில் உரிமை இல்லை. கிராமத்தவரை நான் குறைகூறவில்லை. ஒரே மலை, ஒரே மழை, ஒரே மண் இருந்தும் இடையில் உள்ள வேறுபாடு உறுதிப்பத்திரம் ஒன்றே என்பதைச் சுட்டிக்காட்டுகிறேன்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். மணப்பயிருக்கென்று நிலம் கொடுத்தால் நக்கிள்ஸ் காடு என்னாகும் என்பார்கள். இது நேர்மையான கவலை. அக்காட்டின் அடியில் ஏலம் பயிரிட்டு, அதை உலர்த்த அங்கேயே விறகு வெட்டிய காலம் ஒன்று இருந்தது. 2000 ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தப் பாதுகாப்பு நீடிக்கவேண்டும். ஆனால் நாம் கேட்பது காட்டை அல்ல. தோட்டங்களுக்குள்ளேயே தேயிலை கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகக் கிடக்கும் நிலம் ஏராளம். அங்கே மரம் நடுவது மலைக்கும் நன்மை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளைக் கண்டபின், பாதுகாப்பான காணி என்பது நம் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

பெயருக்கு விலை உண்டு என்பதை நாடு அறியாமல் இல்லை. 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஊரின் பெயர் புட்டியில் ஏறினால் மட்டும் போதாது. மரத்தை நட்டவரின் பெயர் காணிப் பதிவேட்டில் ஏறவேண்டும். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். உறுதிப்பத்திரம் கையில் கிடைத்தவர்கள் குறைவு. கிடைத்தாலும் அந்த ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு சாதிக்காய் மரத்தின் நிழல்கூட முழுமையாக விழாது. குடியிருக்க ஒரு துண்டு, பயிரிட ஒரு துண்டு என்று கேட்பதே முறையான கோரிக்கையாகும். நமது பிரதிநிதிகள் நாட்கூலியைப் பற்றிப் பேசும் அதே உரத்த குரலில் இதனையும் பேசவேண்டும்.

புளோரன்ஸில் வாங்கிய சவர்க்காரத்தை என் மனைவி இன்னும் பயன்படுத்தவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கிடையே வைத்திருக்கிறாள். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நல்ல மணம் வருகிறது. வெளியே முற்றத்திலிருந்தும் கராம்பு மணம் வருகிறது. அந்தக் கராம்பு பக்கத்து வீட்டாருடையது.