நடக்கவும் கூடாதாம், நிற்கவும் கூடாதாம்

எங்களுக்கு இலையுதிர் காலம் எண்டு ஒண்டு இல்லை. பனை எப்பவும் பனைதான். எங்களுக்கு இருப்பது காற்று மாறுகிற காலம். சோளகம் ஓய்ந்து, ஐப்பசியில் மழை விழுந்து, வாடை தொடங்கும். வல்லை வெளியிலும் மண்டைதீவுப் பக்கத்திலும் சுண்டிக்குளத்திலும் வெடித்துக் கிடந்த உவர்நிலம் தண்ணி ஏந்தும். பின்னால பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்திறங்கும். பண்ணைப் பாலத்தால வேலணைக்குச் சைக்கிள் மிதிச்ச ஆக்களுக்குத் தெரியும்: சோளகத்தில் போகேக்க நெஞ்சில் அடிக்கிற காத்து, வரேக்க முதுகில் தள்ளும். வாடைக்கு அது தலைகீழ். மழை விட்ட நாளாப் பாத்துக் கிளம்பினால், குடாநாட்டில் நடக்கவும் மிதிக்கவும் இதைவிட நல்ல மாதங்கள் கிடையாது.

இந்த மாதங்களோட ஒரு கதையும் சேர்ந்து வரும். வடக்குக் கரையோரத்துக்கு ஒரு 'இயற்கை நடைபாதை' போடவேணும், அப்பதான் சுற்றுலா வளரும் எண்டு. மலையகத்துப் பெக்கோ ட்ரெயிலை உதாரணம் காட்டுவினம். சரி, அதையே எடுப்பம். 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளுகிற அந்தப் பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டினதில்லை. தோட்டங்களுக்குள் ஏற்கனவே இருந்த வழிகள், கொழுந்துக் கூடையோட தலைமுறை தலைமுறையாக நடந்த சனத்தின் தடங்கள். அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் லயன் அறைகளில், காணி உறுதி இல்லாமல் இருக்கினம். பாதைக்குக் கிடைத்ததோ ஒரு தேயிலைத் தரத்தின் பெயர்.

எங்கட கரையிலும் பாதைகள் இருக்கு. பொன்னாலையிலிருந்து பருத்தித்துறை வரை கடலோரமாகப் போகிற வீதி பழைய வீதி. அது போர்க்காலத்தில் பலாலிப் பக்கம் அறுந்து, பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. புதுப்பாதை கேட்கிறவர்கள் இதைப்பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

2025 ஏப்ரல் 10 ஆம் திகதி, 35 வருடங்களுக்குப் பிறகு, வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியைத் திறந்தார்கள். எல்லாருக்கும் சந்தோசம்தான். ஆனால் கூடவே போட்ட நிபந்தனைகளைப் பாருங்கோ. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நடந்து போகவே கூடாது.

1990 இல் உடுத்த உடுப்போட வெளிக்கிட்ட சனம், தங்கட ஊர் வீதியால மோட்டார் சைக்கிளில் போகலாம். இறங்கி, வேலிக்கு மேலால ஒருக்கா எட்டிப் பார்க்க ஏலாது. பாதுகாப்புக் காரணம் எண்டு பதில் வரும். ஊன்றுகோலோட நடக்கிற ஒரு அம்மம்மா 40 இல் போகிற வானை விட எப்படி ஆபத்தானவர் எண்டு யாராவது விளங்கப்படுத்தினால் கேட்கத் தயார். (இதே வலிகாமம் வடக்கில் சனம் தங்கட காணிக்குள் கால் வைக்க முடியாத வருடங்களிலேயே, காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தின விடுதியில் காசு கட்டி அறை எடுத்துக் கடல் பார்க்கலாம் எண்டு இருந்தது.)

இங்கிலாந்தில் 2009 இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். நாட்டின் கரை முழுக்கத் தொடர்ந்து நடக்கலாம், அது நடக்கிறவரின் உரிமை எண்டு. கல்லுப் பதிக்கிறதையும் விளக்கு நடுகிறதையும் விட்டு, உரிமையில் இருந்து தொடங்கினார்கள். எங்கட ஆக்கள் 'அபிவிருத்தி' எண்டவுடன இன்ரர்லொக் கல்லோடயும் செல்ஃபி எடுக்கிற வளைவோடயும் வந்து நிற்பினம். கல்லுண்டாய் வெளியில் நகரக் குப்பையைக் கொட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் பறவை பார்க்க வாங்கோ எண்டு யாரைக் கூப்பிடுறது?

இன்னொரு தடையும் இருக்கு. அதற்குப் பலகை கிடையாது. 90களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஆசிரியைமார், தாதிமார், ரியூசன் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில்தான் குடாநாடு முழுக்க ஓடித் திரிஞ்சவை. 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது திரும்பவும் சைக்கிளைத்தான் தூசி தட்டினோம். அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, ஏனெண்டால் அது தேவைக்கு. அதே பிள்ளை சும்மா, கடல் பார்க்க, விடியப்பறம் தனிய மிதிச்சால் மட்டும் "எங்க பிள்ளை போறாய்?" எண்டு மூண்டு ஒழுங்கையில் கேட்பினம். கடற்கரை வீதி பெடியளுக்கு மட்டும் பொழுதுபோக்கா?

ஆகவே நாங்கள் கேட்பது புதுப்பாதை அல்ல. பலாலியோ வேறெங்கோ, திறக்கிற எந்த வீதியும் கால்நடைக்கும் திறக்கவேணும், நிற்கவும் விடவேணும். கரையில் முதல் உரிமை அங்கே தொழில் செய்கிறவர்களுக்கு, கரைவலைக் கயிறு இழுபடும் நேரம் நடக்கிறவர் ஒதுங்கிப் போகவேணும். பூநாரைக் கூட்டத்துக்கு மேலால ட்ரோன் விடுகிற எங்கட வயசுக்காரரும் அதை நிப்பாட்டவேணும். பறக்க வைச்சு எடுக்கிற அந்தப் படத்துக்காக அதுகள் இரை தின்னுறதை விட்டிட்டு எழும்புதுகள்.

இப்போதைக்கு ஒரு தடையும் இல்லாமல் போக ஒரு வழி வேணுமெண்டால், சந்நிதியடியில் தொடங்கி வல்வெட்டித்துறை, பொலிகண்டியால பருத்தித்துறை வெளிச்சவீடு வரை மிதியுங்கோ. கடல் இடக்கைப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். வாடைக்குக் கடல் கொந்தளிச்சால் வள்ளங்களை மேல இழுத்து விட்டிருப்பினம், கரையில் இடம் நெருக்கும். வள்ளத்தில் சைக்கிளைச் சாத்தாதேங்கோ.