பழைய முதலாம் எண்

ஒரு மோட்டார் வண்டி என்பது யாது? அதன் இரும்பா, அன்றி அதன் வரலாறா? வேதாந்திகள் கேட்கவேண்டிய இவ்வினாவை 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் கேட்க நேர்ந்தது. விடையிலே பத்து மில்லியன் பவுண் தங்கியிருந்தது.

வழக்குக்குரிய வண்டி, 'பழைய முதலாம் எண்' எனப் பெயர்பெற்ற பென்ற்லிப் பந்தயக் கார். ஆறரை லீற்றர் எஞ்சின் கொண்ட 'ஸ்பீட் சிக்ஸ்' இனத்தது. பிரான்சின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணிநேரம் ஓயாது நடைபெறும் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் முதலிடம் பெற்றது. இருமுறையும் ஓட்டியவருள் ஒருவர் வூல்ஃப் பார்னாற்றோ. பென்ற்லிக் கம்பெனியைத் தம் செல்வத்தால் தாங்கியவரும் அவரே. ஆயினும் 1931இல் கம்பெனி முறிந்து றோல்ஸ் றோய்ஸ் கைக்குப் போயிற்று.

கார் ஓய்ந்தபாடில்லை. அவ்வாண்டே புறூக்லன்ட்ஸ் ஓடுபாதையில் ஐந்நூறு மைற் பந்தயத்தை வென்றது. வென்ற இருவருள் ஒருவர் ஜாக் டன்ஃபீ. மறு ஆண்டு, எட்டு லீற்றர் எஞ்சின் பூட்டப்பெற்று அதே பந்தயத்தில் ஓடுகையில், உயர்ந்த வளைவின் விளிம்பைக் கடந்து வீழ்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். அவர் ஜாக்கின் உடன்பிறந்தார்.

சிதைந்த வண்டி மீண்டும் திருத்தப்பெற்று, வீதியிலோடும் காராயிற்று, பலர் கைமாறியது. 1990இல் அதன் உரிமையாளர் அதனைப் பத்து மில்லியன் பவுணுக்கு விற்க உடன்பட்டார். வாங்கவிருந்தோர் பின்வாங்கினர். "இது அந்தக் காரே அன்று" என்பது அவர்தம் வாதம்.

வாதத்தில் வலு இல்லாமலில்லை. பந்தய வண்டிக்குத் தேய்ந்ததையும் உடைந்ததையும் மாற்றுவது அன்றாடத் தொழில். சாசி மாறியது, எஞ்சின் மாறியது, உடலும் மாறியது. 1929இல் ஓடிய வண்டியில் எஞ்சியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. 1930இன் வண்டியில் கியர்ப் பெட்டியின் கூடு, சுக்கான் தண்டு போன்ற சிலவே மிஞ்சின.

நீதியரசர் ஒட்டன் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பகுதியே தீர்ப்பில் இனிக்கிறது. தொழிற்சாலை விட்ட நிலையில் இல்லாமையால் 'மூல' வண்டி என்றல் பொருந்தாது. ஆனால் போலியும் அன்று. ஒரே நாளில் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தாரில்லை. மாற்றங்கள் யாவும் ஒரே வண்டியின் வாழ்விலே படிப்படியாக நிகழ்ந்தவை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு கார் உலகில் இல்லை. ஆதலின் இதுவே மெய்யான பழைய முதலாம் எண் என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

பிடியும் அலகும் மாறிய பின்னரும் "அப்புவின் மண்வெட்டி" என்று சொல்லும் நமக்கு இத்தீர்ப்பு வியப்பன்று. கிரேக்கரும் தீசியசின் கப்பலைப் பற்றி இவ்வாறே வழக்காடினர். பலகைகள் யாவும் மாறிய அக்கப்பல் பழையதா, புதியதா என்பது புளூற்றாக் காலத்திலும் முடியாத வழக்கு.

எனக்கொரு ஐயம் உண்டு. கழற்றி வீசிய உறுப்புக்களையெல்லாம் ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இரண்டாவது வண்டியொன்றைக் கட்டியிருந்தால், நீதியரசர் யாது செய்திருப்பார்? இதனை உயர்தர வகுப்பில் கேட்டேன். கணித மாணவர் இரும்பின் பக்கமும், கலை மாணவர் வரலாற்றின் பக்கமும் நின்றனர். மணி அடித்த பின்னரும் ஒருவரும் எழுந்தாரில்லை.