ஈயின் கடிகாரமும் ஆய்வாளரின் கடிகாரமும்

சென்ற வாரம் அரையாண்டு ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் முன் அமர்ந்திருந்தேன். புனே கன்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை மூன்றாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். அப்பதிவுகளைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. “கட்டுரை எத்தனை?” என்பதே முதற்கேள்வி, இறுதிக் கேள்வியும் அதுவே. விடுதிக்குத் திரும்பும் வழியில் ரொனால்டு கோனோப்கா என்னும் மரபியலாளரின் நினைவு வந்தது. மொழியியல் படிப்பவனுக்கு அவர் ஏன் நினைவுக்கு வரவேண்டும் என்பதைச் சொல்லவே இந்த நீண்ட பதிவு.

அவ்வழியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் மாலையானதும் இலைகளை மடித்துக்கொள்கின்றன. ஒளி குறைவதால் மடிகின்றன என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் தொட்டாற்சிணுங்கி போன்ற செடி இருட்டறையிலும் தன் பொழுதில் இலையை விரித்து மடிக்கிறது என்பதைத் தெ மெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1729-இலேயே குறித்தார். சூரியன் தெரியாதபோதும் உயிருக்குள் ஏதோ ஒன்று பொழுதை எண்ணுகிறது. அந்த உயிர்க்கடிகாரம் எதனால் ஆனது என்ற வினா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது.

விடைக்கான வாயிலைத் திறந்தவர் ஆய்வு மாணவராயிருந்த கோனோப்கா. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் அவர் பழ ஈக்களை ஆராய்ந்தார். பழ ஈ கூட்டுப்புழு உறையிலிருந்து பெரும்பாலும் விடியலை ஒட்டி வெளிவரும். வேதிப்பொருளால் மரபணு மாற்றங்களைத் தூண்டி, நேரந்தவறி வெளிவரும் ஈக்களை அவர் தேடினார். மூன்று வகைகள் கிடைத்தன: ஒன்றின் நாள் 19 மணி நேரம், மற்றொன்றின் நாள் 28 மணி நேரம், மூன்றாவதற்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை. மூன்று மாற்றங்களும் ஒரே மரபணுவைச் சேர்ந்தவை என்பதே வியப்பு. ‘பீரியட்’ எனப் பின்னர் பெயர்பெற்ற அம்மரபணுவைப் பற்றிய கட்டுரை 1971-இல் பென்சருடன் இணைந்து வெளியாயிற்று.

அம்மரபணுவைப் பிரித்தெடுக்க மேலும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1984-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் குழுவும் மைக்கேல் யங் குழுவும் அதைச் செய்தன. யங்கின் ஆய்வகத்தில் 1994-இல் ‘டைம்லெஸ்’ என்னும் இரண்டாம் மரபணு கண்டறியப்பட்டது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் அமிதா சேகல், டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இவ்விரு மரபணுக்களின் புரதங்களும் இரவில் பெருகி, இணைந்து உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, தம்மை உருவாக்கிய மரபணுக்களையே அடக்குகின்றன. பின்னர்ப் புரதங்கள் சிதைய, தடை நீங்கி, மீண்டும் உற்பத்தி தொடங்குகிறது. இச்சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அப்போது கோனோப்கா உயிரோடில்லை, 2015-இல் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் இழந்தது பரிசை மட்டுமன்று. தாம் கண்டுபிடிப்பை நிகழ்த்திய அதே நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவருக்கு நிலையான பணி மறுக்கப்பட்டது. அவர் வெளியிட்ட கட்டுரைகள் போதா என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அடுத்துச் சென்ற கிளார்க்சன் பல்கலைக்கழகத்திலும் அதுவே நிகழ்ந்தது. பின்னர் அவர் ஆய்வுலகை விட்டே விலகினார். ஒரு துறைக்கே தொடக்கமாய் அமைந்த கட்டுரை, எண்ணிக்கைப் பட்டியலில் ‘ஒன்று’ என்றே பதிவாகும்.

இதற்கு மாறான ஒரு வரலாறு நம் ஊரிலேயே உண்டு. தமிழ் மாணவர்கள் பலர் அதை அறியார். எம்.கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தார். மூலக்கூற்றுக் கருவிகள் பெரிதும் எட்டாத காலம் அது. அவரும் மாரிமுத்து முதலிய மாணவர்களும் குகை வௌவால்களை நாடிச் சென்றனர். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால், சுற்றியிருக்கும் வௌவால்கள் வெளியே பறந்து திரும்பும் போக்கோடு தன் கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டது. துணையற்ற குகையில் அது தன் சொந்த நாளின் போக்கில் விலகிச் சென்றது. ஒளி மட்டுமன்றிச் சுற்றமும் கடிகாரத்தைத் திருத்தும் என்று காட்டிய அவ்வாய்வு 1981-இல் வெளியானது. கடிகாரமும் பகலொளியும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராயும் வசதியையும் அவர்கள் மதுரையிலேயே அமைத்தனர்.

அம்மரபு பின்னர்ப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குச் சென்றது. மதுரையில் வயல் எலிகளின் கடிகாரத்தை ஆராய்ந்த அவருடைய மாணவர் விஜய் குமார் சர்மா, அங்கே பழ ஈக்களுக்கு வந்தார். விடியலில் வெளிவரும் ஈக்களை மட்டும் ஒரு கால்வழியாகவும், மாலையில் வெளிவருபவற்றை மற்றொரு கால்வழியாகவும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். ஐம்பதுக்கு மேற்பட்ட தலைமுறைகளுக்குப் பின் காலை ஈக்களின் உள்நாள் குறுகியும் மாலை ஈக்களின் உள்நாள் நீண்டும் இருந்தன. கோனோப்கா ஒரு மரபணுவை உடைத்துக் கண்டதை, இவர்கள் இயற்கையான மரபு வேறுபாடுகளைத் திரட்டிக் கண்டனர். ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம் என்று கொண்டாலும், முதல் விடைக்கே மூன்றாண்டுக்கு மேலாகிறது. ஒரு மாணவரின் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் குப்பிகள் மாறிக்கொண்டே இருந்தாலன்றி இத்தகைய ஆய்வு நடவாது. முதலாண்டில் அக்குப்பிகளைக் காத்தவரிடம் “கட்டுரை எத்தனை?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் கூறின; 2022 விதிகள் அக்கட்டாயத்தை நீக்கின. விதி நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். எண்ணிக்கை குறைந்தவரெல்லாம் கோனோப்கா அல்லர்; பொதுப்பணத்தில் ஆய்வு செய்பவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும்; காலவரையறை இல்லாவிடில் சோம்பலும் ஆய்வு என்றே பெயர் சூட்டிக்கொள்ளும். இவற்றை ஏற்கிறேன். ஆனால் சோம்பலையும் பொறுமையையும் எண்ணிக்கை வேறுபடுத்திக் காட்டாது. படித்துப் பார்த்தால்தான் தெரியும். எனவே நான் கோருவது சலுகையை அன்று, கூடுதலான கண்டிப்பை. மதிப்பீட்டுக் குழுவினர் ஒரே ஒரு கட்டுரையையோ, ஆய்வுக் குறிப்பேட்டின் இருபது பக்கங்களையோ முன்கூட்டிப் படித்துவிட்டு வரட்டும். வந்து கடுமையாகக் கேட்கட்டும். தரவுத் தொகுப்பும் கால்வழிப் பராமரிப்பும் ஆய்வுப் பணியாகவே கணக்கில் ஏறட்டும்.

என் பதிவுகளில் எண்பதைக் கடந்த ஒரு பாட்டியின் குரல் இருக்கிறது. அவர் பேச்சில் மராத்தி கலக்கும் இடங்களைப் பிரித்தறிய எனக்கு இன்னும் ஓராண்டு வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அப்பதிவின் பத்து நிமிடத்தை எடுத்துச் செல்லப்போகிறேன். குழுவினர் எத்தனை என்று கேட்குமுன், அதை ஒருமுறை கேட்குமாறு வேண்டுவேன்.